மறு: கழுத்துவலிப் பயிற்சிக் கையேடு – ‘செங்கொடி’க்கு மாற்றுச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

தண்டையார்ப்பேட்டையில் இயன்முறை மருத்துவர்களுக்கு நடக்கும் கழுத்துவலிப் பயிற்சிக்கான கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. ‘ரெட் ஃபிளாக்’, அதாவது வலிக்குப் பின்னால் கடுமையான நோய் இருக்கலாம் என்று எச்சரிக்கும் அறிகுறி, என்ற சொல்லுக்குத் தமிழ் தேடித்தான் நிற்கிறோம்.

> ‘செங்கொடி’ என்றே வைக்கலாமே? சிறிய சொல், தெளிவான சொல்.

ஐயா, வடசென்னையில் செங்கொடி என்றால் சங்கம். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய ஊர் இது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் நோயாளிச் சீட்டில் ‘செங்கொடி உண்டு’ என்று எழுதினால், அவர் எந்தச் சங்கம் என்றுதான் கேட்பார்கள்.

இந்தச் சொல் எதைக் குறிக்கவேண்டும் என்று பாருங்கள். கழுத்துவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தசை, மூட்டு சார்ந்த வலிதான், பயிற்சியில் தேறிவிடுவார்கள். மிகச் சிலருக்கு உள்ளே வேறு நோய் இருக்கும். அதனால் கழுத்தில் கை வைக்கும் முன்பே கேட்டாகவேண்டும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா? அப்படியென்றால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்கவேண்டும். மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, தூங்கவிடாத இரவுவலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்கவேண்டும். முன்பு காசநோய்க்கு ஓட்டேரி மருத்துவமனைக்குப் போய்வந்தவர் என்றால் இன்னும் கவனம். புதிதாக வந்த கழுத்துவலியோடு தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை சேர்ந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். இவர்களுக்கெல்லாம் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் அனுப்பவேண்டும். இதில் தவறினால் ஒருவர் கைகால் முடங்கிப்போவார். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

‘அபாயக்குறி’ என்றார் ஒரு தோழி. தன் சீட்டைத் தானே படிக்கும் நோயாளி மிரண்டுபோவார். அதோடு, ஒரு குறி தென்பட்டதாலேயே நோய் உறுதியாகிவிடாது. ‘நிறுத்தக்குறி’யோ இலக்கணத்து நிறுத்தற்குறியோடு குழம்பும்.

என் பரிந்துரை: இடர்க்குறி. பேரிடர் என்ற சொல்லால் இடர் எல்லாருக்கும் பழக்கம். ‘இடர்க்குறி இல்லை, பயிற்சி தொடங்கலாம்’ என்று எழுதிப் பார்த்தேன், சரளமாக வருகிறது.

ஸ்பர்லிங் சோதனையையும் இதில் சேர்க்கச் சொன்னார்கள். வேண்டாம். தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தும்போது கைக்குச் சுரீரென்று வலி இறங்கினால் அது நரம்புவேர் அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுந்துவது கழுத்தின் ஆறாம் நரம்புவேர் என்றால் வலி கட்டைவிரலுக்கு இறங்கும், ஏழாம் வேர் என்றால் நடுவிரலுக்கு, எட்டாம் வேர் என்றால் சுண்டுவிரலுக்கு. கையில் வலு குறைந்துகொண்டே போகாதவரை இது நாமே பார்க்கக்கூடியதுதான்.

அடுத்தது ‘எல்லோ ஃபிளாக்’, அதாவது வலியை நீடிக்கவைக்கும் பயம், தவறான நம்பிக்கை போன்றவற்றின் அறிகுறி. 1997இல் நியூசிலாந்தில் இடுப்புவலிக்காக எழுதிய வழிகாட்டியால் பரவிய சொல். காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் அம்மா ஒருவர், “இனிமே தலைல கூடை வச்சா கழுத்து ஒடிஞ்சிடும்மா” என்று அசையாமலே உட்கார்ந்துவிட்டால், அந்தப் பயமே வலியைப் போகவிடாது. இதற்குத் ‘தேக்கக்குறி’ சரிவருமா?

அன்புடன்,
தண்டையார்ப்பேட்டையிலிருந்து

----

அம்மா, செங்கொடியைத் திரும்பப் பெறுகிறேன். இடர்க்குறி நன்று. மலர்க்கொடி, நீர்க்குடம் போல ஒற்று மிகுவதும் முறையே. ஆனால் தேக்கம் என்றதும் நோயாளி “கழுத்துல நீர் கோத்திருக்கா?” என்று கேட்பார். ‘நீடிப்புக்குறி’யைப் பாருங்களேன்.

----

நன்றி ஐயா. கையேட்டில் இடர்க்குறி ஏறிவிட்டது. நீடிப்புக்குறி பொருளைச் சரியாகச் சொல்கிறது, நாக்கில்தான் கொஞ்சம் இடறுகிறது. அடுத்த வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். வலிக்குப் பயந்து அசையாமல் இருப்பவரைப் பற்றி உங்கள் பக்கத்தில் பேச்சுவழக்கில் சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.