பல்கலைக்கழகக் கூட்டாய்வு: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஒரு பல்கலைக்கழகம் எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய முன்வந்துள்ளது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1998 முதல் நடத்திவரும் கூட்டு முயற்சியில், ஆய்வாளர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் இல்லத்திலேயே பணியாற்றி, அங்குள்ள ஊழியர் ஒருவரோடு இணைந்து, ஆராய வேண்டியவற்றை அங்கிருந்தே கண்டெடுக்கிறார். எங்களுக்கோ கேள்விகள் முன்கூட்டியே தயாராகி வந்துவிட்டன. முதியவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

மறதிநோயால் சம்மதம் தெரிவிக்க இயலாதவர்களுக்காக, 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அவர்களுக்கு நெருங்கிய ஒருவரிடம் ஆலோசனை பெற வேண்டும். உறவினரே இல்லாத பாட்டிமார் இருவர் இங்கே இருக்கிறார்கள்; அத்தகையவர்கள் சார்பில் நீங்கள் யாரை அணுகினீர்கள்? ஊழியர்கள் ஆய்வுக்குச் செலவிடும் நேரத்திற்கான ஊதியத்தை ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதினீர்கள்? அடுத்த வாரம் அந்தப் பல்கலைக்கழகத்தினரைச் சந்திக்கிறோம். அதற்குள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.