அக்னி பறந்துட்டு, தபஸ் ஏன் இன்னும் தட்டுத்தடுமாறுது?

மார்த்தாண்டம்_ஏரோ:
ஏரோநாட்டிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். ரொம்ப நேரம் பறக்கிற ராணுவ ட்ரோன் பத்திதான் ப்ராஜெக்ட். ஒரு விஷயம் மண்டையைக் குடையுது. 5,000 கிலோமீட்டருக்கு மேல போற அக்னி-5 ஏவுகணையை 2012லயே விட்டுட்டோம். தபஸ் ட்ரோன் 2016ல முதல்முறை பறந்தும், படை கேட்ட அளவை எட்டலை. கேட்டது 30,000 அடி, 24 மணி நேரம். வந்தது 28,000 அடி, 18 மணி நேரம். ஏவுகணையை விட ட்ரோன் செய்யறது கஷ்டமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணன்மாரே, அக்காமாரே.

தக்கலைக்காரர்:
மக்களே, ஹைதராபாத்துல ஏவுகணை மோட்டாரை எக்ஸ்ரே எடுத்துப் பாக்குற பிரிவுல இருந்து ரிட்டயர்டு ஆனவன் நான். ரெண்டும் வேற வேற பாடு.

ஏவுகணை பறக்கது ஒரே ஒரு தடவை. அந்தக் கொஞ்ச நிமிஷத்துக்காக வருஷக்கணக்கா தரையில சோதிப்போம். திட எரிபொருளை உறைக்குள்ள ஊத்தி இறுக விட்டப்புறம், உள்ள குமிழ் இருக்கா, விரிசல் இருக்கா, உறையை விட்டுப் பெயர்ந்திருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணும். தலைமுடி கனத்துல ஒரு கறுப்புக் கோடு தெரிஞ்சா அன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போவ மாட்டோம். பிலிம்ல விழுந்த கீறலா, நெசமான விரிசலான்னு கோணத்தை மாத்தி மறுபடி எடுப்போம். விரிசல்னா தீ அதுக்குள்ளயும் புகுந்திரும். எரியுற பரப்பு கூடும், அழுத்தம் ஏறும், உறையே வெடிச்சிரும்.

1989ல முதல் அக்னியை ஏப்ரல் 20ந் தேதி கடைசி நேரத்துல நிறுத்தினாங்க. மே 1ந் தேதி மறுபடி நிறுத்தினாங்க. மே 22தான் பறந்துது. பத்திரிகையில கேலிப்படம் போட்டாங்க. எனக்குக் கேட்டா, கோளாறைக் கண்டு நிறுத்துனதுதான் அந்த வருஷத்துல நடந்த பெரிய காரியம்.

ட்ரோன் போயிட்டுத் திரும்பணும், நாளைக்கும் பறக்கணும். அதுக்கு எடைதான் எமன். கேமரா, ரேடார், செயற்கைக்கோள் ஆன்டெனான்னு ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த பறக்குற நேரம் குறையும். தபசும் நினைச்சதை விடக் கனத்துப்போச்சு. இன்ஜினும் வெளிநாட்டுது. முதல் அக்னிக்கு அந்தக் கவலை இல்ல, எஸ்எல்வி-3 ராக்கெட்டோட முதல் அடுக்கையே எடுத்துக்கிட்டாங்க. நாள் முழுக்க ஓடுற சின்ன விமான இன்ஜினுக்கு அப்படி ஒரு மூத்த அண்ணன் நம்மகிட்ட இல்ல. 18 மணி நேரத்தைத் தோல்வின்னு மட்டும் எழுதிராத. அதுல வேர்வை சிந்தினவங்க நெறைய பேரு.

முப்பந்தல்_காத்து:
நான் காத்தாலையில கரண்ட் எடுக்கிற காத்தாடியோட பிளேடை ட்ரோன் வச்சுப் படம் எடுக்கிற வேலை பாக்கேன். ஐயா சொன்ன எடையோட காத்தையும் சேத்துக்கோங்க. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்துல, ஒரே இடத்துல நிக்கதுக்கே ட்ரோன் சாஞ்சுக்கிட்டு முக்கும். பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே பேட்டரி தீந்துரும். எதிர்க்காத்துல திரும்பி வர எரிபொருள் மிச்சம் இருக்கான்னு உங்க கணக்குல ஒரு பக்கம் ஒதுக்குங்க. பறக்க விடப் போறீங்கன்னா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்துல, முன் அனுமதி கேக்காம பறக்கலாம்ங்கிற பச்சைப் பகுதியான்னு பாத்துட்டு இறங்குங்க.

மார்த்தாண்டம்_ஏரோ:
ரொம்ப நன்றி. ஐயா, எங்க இறக்கை கார்பன் ஃபைபர். அதுக்கும் எக்ஸ்ரேதானா?

தக்கலைக்காரர்:
அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருந்தா எக்ஸ்ரேல லேசுல தெரியாது மக்களே. அல்ட்ராசோனிக்தான் சரி, அதாவது காதுக்குக் கேக்காத ஒலியை உள்ள அனுப்பிப் பாக்குற சோதனை. அதுக்கு முன்னால ஒரு ரூபாய்த் துட்டால இறக்கை முழுக்க மெள்ளத் தட்டிக்கிட்டே போ. நல்ல இடம் கணீர்னு கேக்கும், பிரிஞ்ச இடம் பொத்துன்னு மங்கும். அங்கெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டு வை. கருவி கிடைக்கிற அன்னைக்கு அந்த வட்டத்துல இருந்து தொடங்கு.