பதிவு எண் இல்லாத கதைக்கு உரிமை கிடையாதா?

குறிஞ்சிமலர்:
நேற்று நம் மன்றத்தின் ஒலிக்கதை இழையில் செவிக்கினியன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "வலைப்பூவில் கிடக்கிற கதை ஊர்ப் பொதுக்குளம் மாதிரி. டெல்லியில் பதிவு செய்து எண் வாங்காத கதைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது." அங்கே பதில் போட்டால் பாராட்டுகளுக்கு நடுவே புதைந்துவிடும். அதனால் தனி இழை.

என் தொடர்கதை பன்னிரண்டு பகுதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியது. அதை ஒரு ஒலிக்கதை சேனலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாம் பகுதியில் கதாநாயகியின் ஊரையே மாற்றிவிட்டார்கள். முடிவில் "நன்றி: இணையம்" என்று ஒரு வரி. அந்தக் கதையை இணையம் எழுதவில்லை, நான் எழுதினேன்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. எழுதி முடித்தவுடன் உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை. முடிந்தால் இதை மறுக்கட்டும்.

செவிக்கினியன்:
மறுக்கிறேன். சகோதரி, ஒரே கேள்வி. உங்கள் கதையின் பதிவு எண் என்ன?

என் மைத்துனர் செக்கு எண்ணெய் வியாபாரம் செய்கிறார். பெயரைப் பதிவு செய்யாமல் இருந்தார். அடுத்த தெருவில் ஒருவன் அதே பெயரில் பாட்டில் போட்டான். வக்கீலிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "பதிவு செய்தீர்களா?" என்பதுதான். எண்ணெய்க்கு ஒரு நியாயம், கதைக்கு ஒரு நியாயமா? சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தச் சேனல்காரர் எனக்குத் தெரிந்தவர். கண் தெரியாத பெரியவர்கள் எத்தனையோ பேர் அதைக் கேட்கிறார்கள். அந்தப் புண்ணியத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

கோர்ட்டுவாசல்:
எண்ணெய்ப் பெயர் வணிகக்குறி. அதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம். புதிய இயந்திரமோ மருந்தோ கண்டுபிடித்தால் அதற்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பித்துத்தான் உரிமை வாங்க வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. கதை, கவிதை, பாட்டு, ஓவியம் எல்லாம் பதிப்புரிமை. அது எழுதியவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டும் இருக்கும். மூன்றும் மூன்று சட்டம், மூன்று வழி. முதலில் இதைப் பிரித்துக்கொண்டு பேசுவோம். இல்லாவிட்டால் விடிய விடிய பேசினாலும் தீராது.

இன்னொன்று. வணிகக்குறியைப் பதிவு செய்யாவிட்டாலும், பல வருடம் அந்தப் பெயரில் வியாபாரம் செய்து பேர் வாங்கியிருந்தால் வழக்குப் போட வழி உண்டு. உங்கள் மைத்துனர் வேறு வக்கீலையும் ஒரு முறை பார்க்கலாம்.

செவிக்கினியன்:
என் மைத்துனரை விடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே. பதிவு எண் எங்கே?

பதிவு தேவையில்லை என்றால் டெல்லியில் ஒரு அலுவலகத்தை வைத்து, பதிவாளரையும் போட்டு, அரசாங்கம் எதற்காகச் சம்பளம் கொடுக்கிறது?

கோர்ட்டுவாசல்:
பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 45-ஐப் படியுங்கள். எழுதியவர் விண்ணப்பம் "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, "செய்ய வேண்டும்" என்று இல்லை. பிரிவு 48-ன்படி அந்தப் பதிவேடு ஒரு முதல்நிலைச் சான்று. அதாவது வழக்கு வந்தால், யார் எழுதியது என்று காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். அந்தக் காகிதம் உரிமையைக் காட்டுகிறது, உரிமையை உண்டாக்குவதில்லை. வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்காவிட்டால் குழந்தை பிறக்கவே இல்லை என்று சொல்வீர்களா?

செவிக்கினியன்:
பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அந்தக் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சட்டம் படித்தவர்கள் நீங்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் பம்பாய் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, பதிவு இல்லாமல் வழக்குப் போட முடியாது என்று. போய்த் தேடிப் படியுங்கள். நீதிபதியை விட நீங்கள் பெரியவரா?

கோர்ட்டுவாசல்:
படித்திருக்கிறேன். அதே பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் அதைப் பற்றி என்ன சொன்னது என்பதையும் படித்திருக்கிறேன். நீதிபதி கௌதம் படேல் தீர்ப்பு. தன்னைக் கட்டுப்படுத்தும் முந்தைய தீர்ப்புகளைப் பார்க்காமல் 2012-ல் எழுதியது செல்லாது, பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை என்று அதில் விரிவாகவே இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டது. பாதித் தூரம் படித்துவிட்டு மீதியை மறைக்கக் கூடாது.

நியூஜெர்சிக்காரன்:
செவிக்கினியன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் பதிவு செய்யாமல் கோர்ட் படியேற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது: விண்ணப்பம் போட்டால் போதாது, பதிவு அலுவலகம் முடிவு சொன்ன பிறகுதான் வழக்கு. திருட்டு நடப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால் சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடும் கேட்கலாம்.

செவிக்கினியன்:
அப்படிச் சொல்லுங்கள் அண்ணா! இப்போதாவது எல்லோருக்கும் புரிந்திருக்கும். வளர்ந்த நாட்டிலேயே பதிவு எண் கேட்கிறான்.

கோர்ட்டுவாசல்:
அண்ணா, நீங்கள் சொன்னது அங்கே எழுதி அங்கே வெளியான படைப்புக்கு. அந்த அமெரிக்காவிலேயே வெளிநாட்டுப் படைப்புக்கு இந்த நிபந்தனை கிடையாது. அங்கேயும் உரிமை எழுதும்போதே பிறந்துவிடுகிறது, வழக்குப் போடத்தான் பதிவு. படைப்பாளர் உரிமைக்காக நாடுகள் சேர்ந்து செய்த பெர்ன் உடன்படிக்கை 1886-ல் வந்தது. உரிமைக்குப் பதிவு மாதிரிச் சடங்கு எதுவும் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தியா 1928 முதல் அதில் இருக்கிறது. அமெரிக்கா 1989-ல்தான் வந்து சேர்ந்தது. குறிஞ்சிமலர் அக்கா திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதிய கதைக்கு நியூஜெர்சி சட்டத்தை எதற்கு இழுக்கிறீர்கள்?

நியூஜெர்சிக்காரன்:
நான் எங்கும் இழுக்கவில்லை, தெரிந்ததைச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிறவன் வாயைத் திறந்தாலே இங்கே சிலருக்குப் பிடிப்பதில்லை. போன வருடம் பொங்கல் மலருக்குப் பணம் கேட்டபோது மட்டும் நான் வேண்டியவனாக இருந்தேன்.

சொல்லாய்வன்:
எல்லோரும் பொறுமையாக இருங்கள். சண்டைக்குக் காரணமே சொல்தான். இந்த மன்றத்தில் பாதிப் பேர் "காப்புரிமை" என்று எழுதுகிறீர்கள், பாதிப் பேர் "பதிப்புரிமை" என்கிறீர்கள். தமிழில் காப்புரிமை என்ற ஒரே சொல்லைக் கண்டுபிடிப்புக்கும் போடுகிறார்கள், புத்தகத்துக்கும் போடுகிறார்கள். கண்டுபிடிப்புக்கு விண்ணப்பம் வேண்டும், புத்தகத்துக்கு வேண்டாம். நாளிதழில் "காப்புரிமை பெற்றார்" என்று படிக்கிறவர் கதைக்கும் போய் வாங்க வேண்டும்போல என்று நினைக்காமல் என்ன செய்வார்? கண்டுபிடிப்புக்குக் "காப்புரிமம்", எழுத்துக்குப் "பதிப்புரிமை" என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பழைய அச்சுக்காரர்:
பதிப்புரிமை என்றால் பதிப்பாளர் உரிமை என்று எழுதுகிற பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். படைப்புரிமை என்று சொல்லுங்கள்.

சொல்லாய்வன்:
ஐயா, சட்டத்தின் தமிழ்ப் பெயரிலேயே பதிப்புரிமை வந்துவிட்டது. நாம் நினைத்த மாதிரி மாற்ற முடியாது.

பழைய அச்சுக்காரர்:
முப்பத்தைந்து வருடம் எழுத்துக் கோத்தவன் நான். எத்தனையோ புத்தகத்தில் "உரிமை ஆசிரியருக்கே" என்று ஈயத்தில் கோத்திருக்கிறேன். ஒரு ஆசிரியரும் டெல்லிக்குப் போய் எண் வாங்கிக்கொண்டு வந்து அந்த வரியைப் போடச் சொல்லவில்லை. கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்புவோம். அது 1954ஆம் ஆண்டுச் சட்டம், நூலகத்துக்காக. உரிமைக்காக இல்லை.

செவிக்கினியன்:
ஐயா மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் அச்சுப் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறதே, அதுதான் பதிவு எண். வலைப்பூக் கதைக்கு அதுவும் இல்லை. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

கோர்ட்டுவாசல்:
ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகக் கடையிலும் நூலகத்திலும் ஒரு பதிப்பை அடையாளம் காண வைத்த எண். அதற்கும் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை.

செவிக்கினியன்:
எண்ணே வேண்டாம் என்கிறவருக்கு எந்த எண்ணைக் காட்டி என்ன பயன்? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பாரதியார் பாட்டை நாடே பாடுகிறது. எந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பாடுகிறோம்? எண் இல்லை, அதனால் பொதுச் சொத்து. அவ்வளவுதான்.

பழைய அச்சுக்காரர்:
தம்பி, இதில் மட்டும் வாயைக் கொடுக்காதே. பாரதி பாட்டு தானாகப் பொதுச் சொத்தாகவில்லை. அவர் 1921-ல் போனார். இசைத்தட்டு, சினிமா உரிமையெல்லாம் கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டை நாடகத்தில், படத்தில் போட்டால் அனுமதி வேண்டும் என்ற நிலை. தேசத்துக்காகப் பாடியவன் பாட்டை ஒருவர் கையில் வைத்திருப்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். சென்னை மாகாணத்தில் ஓமந்தூரார் ஆட்சியில், 1949-ல், அரசு அந்த உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பாரதி குடும்பத்துக்கும் பணம் கொடுத்தது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் பொதுவாயிற்று. உரிமையே இல்லாத பொருளை அரசாங்கம் எதற்குத் தம்பி வாங்கும்?

கோர்ட்டுவாசல்:
ஐயா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். அப்போது இருந்தது 1914ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. அதாவது ஒரு பதிவு எண்ணும் இல்லாத உரிமையைத்தான் செட்டியார் காசு கொடுத்து வாங்கினார், அரசும் எடுத்துக்கொண்டது.

செவிக்கினியன்:
பழங்கதை. நான் இன்றைய நிலையைக் கேட்கிறேன். இன்றைய கதைக்கு, இன்றைய தேதியில், பதிவு எண் எங்கே?

குறிஞ்சிமலர்:
எத்தனை முறை இதையே கேட்பீர்கள்? அந்தச் சேனலில் என் பெயர்கூட இல்லை. பிரிவு 57-ன்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூடத் தன் பெயரைக் கேட்கவும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. நான் விற்கவே இல்லையே. அந்த ஊர் என் அம்மா பிறந்த ஊர். அதைத் தூக்கிவிட்டு வேறு ஊரைப் போட இவர்கள் யார்?

பொது மேடையில் வாசிக்கலாம் என்று 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது எனக்கும் தெரியும். அது நியாயமான அளவு பகுதியை வாசிப்பதற்கு. பன்னிரண்டு பகுதியையும் வாசித்து நடுவில் விளம்பரம் ஓட்டுவதற்கு இல்லை.

செவிக்கினியன்:
கண் தெரியாதவர்களுக்கும் ஒரு விலக்கு உண்டு சகோதரி, 2012 திருத்தத்தில் வந்தது. அது உங்கள் கண்ணில் படவில்லையா?

கோர்ட்டுவாசல்:
உண்டு. மாற்றுத்திறனாளிகள் படிக்க, கேட்க ஏற்ற வடிவில், லாபநோக்கு இல்லாமல் செய்ய வேண்டும். வெளி ஆட்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்கிற, விளம்பர வருமானம் வருகிற சேனலுக்கு அது பொருந்தாது.

செவிக்கினியன்:
விளம்பர வருமானம் மைக் வாங்கவே போதாது. உங்களுக்குச் சட்டம் மட்டும்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது.

நெல்லைச்சீமை:
நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் நான் எடுத்த தேரோட்டப் படங்களை என் பெயரை வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் போட்டவர் இந்தச் செவிக்கினியன்தான். கேட்டதற்கு "தேர் என்ன உங்கள் வீட்டுத் தேரா?" என்றார். அன்றைக்கும் இதே பேச்சு, இன்றைக்கும் இதே பேச்சு.

செவிக்கினியன்:
அந்தப் படத்தைச் சாமிக்காகப் போட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பழைய பகையை இங்கே தீர்க்க வராதீர்கள்.

நெல்லைச்சீமை:
எங்கே கேட்டீர்கள்? இழை எண்ணைக் காட்டுங்கள்.

சொல்லாய்வன்:
"தேரோட்டம்" என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். "தேர்த் திருவிழா" என்று எழுதும்போது ஒற்று விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமை:
ஐயா, இப்போது ஒற்றா முக்கியம்?

கோர்ட்டுவாசல்:
குறிஞ்சிமலர் அக்காவுக்கு ஒரு வார்த்தை. வாதம் ஓடட்டும், நீங்கள் வேலையைப் பாருங்கள். அந்த ஒலிக்கதை இருக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் காட்டாவிட்டால் திரும்பவும் திறந்துவிடலாம். வேண்டுமென்றே திருடியவருக்குப் பிரிவு 63-ல் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வலைப்பூவில் ஒவ்வொரு பகுதியும் வெளியான தேதி, உங்கள் முதல் வரைவு, வாசகர் பின்னூட்டம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவைதான் சாட்சி.

குறிஞ்சிமலர்:
எடுத்து வைத்துவிட்டேன் தம்பி. புதுக் கதையை எழுதி முடித்ததும் பதிவுக்கான படிவம் 14 போட்டு, ஐந்நூறு ரூபாய் கட்டி, விண்ணப்பத்துக்குத் தருகிற டைரி எண்ணும் வாங்கப் போகிறேன். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம், இருக்கிறேன்.

செவிக்கினியன்:
பார்த்தீர்களா! கடைசியில் பதிவு எண் வாங்கத்தான் போகிறார். இதைத்தானே நான் முதலிலிருந்து சொன்னேன்? இழையை மூடலாம்.

குறிஞ்சிமலர்:
அது கையில் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று வாங்குவது. பழைய கதை எண் இல்லாமலே என்னுடையது. ஏழாம் பகுதி இன்னும் அந்தச் சேனலில் ஓடுகிறது. உங்களுக்குத் தெரிந்தவர்தானே, அதை எடுக்கச் சொல்லுங்கள்.

செவிக்கினியன்:
எண்ணைக் காட்டுங்கள், சொல்கிறேன்.