மறுமொழி: ‘ரீப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ்’ – ‘இனப்பெருக்க நீதி’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளை பெறுவதா வேண்டாமா, பெற்றதைப் பயமில்லாமல் வளர்க்க முடியுமா என்பதையெல்லாம் உரிமையாகக் கோரும் ‘ரீப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ்’ என்ற கருத்துக்கு நம் அகராதிப் பக்கத்தில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் ஐயா எழுதியிருந்தார். அதனால் என் கருத்தை ஒரே மடலில் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்றால் இனப்பெருக்கம். பாடநூலில் காலகாலமாக இருக்கும் சொல். ‘ஜஸ்டிஸ்’ என்றால் நீதி. இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பாடநூலில் இருக்கிறது, சரி. எந்தப் பாடத்தில்? தவளையும் மண்புழுவும் வரும் பாடத்தில். மனிதருக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம், உயிரியல் வகுப்புக்கு அது போதும். ஆனால் நாம் பெயர் வைக்கப் போவது உயிரியலுக்கு இல்லை, அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் தங்கள் அனுபவத்திலிருந்து உண்டாக்கிய ஓர் அரசியல் கருத்துக்கு. அவர்கள் வரலாற்றில் ‘இனம்’, ‘பெருக்கம்’ இரண்டுமே ரணம்.

1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. பிறக்கும் பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. அப்பன் வெள்ளைக்காரப் பண்ணையாராகவே இருந்தாலும், தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தாயை வைத்திருந்த முதலாளியின் சொத்து. 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்கு அமெரிக்கா தடை போட்டது. அதன்பின் சட்டப்படி அடிமைகளின் எண்ணிக்கை கூட ஒரே வழி அங்கே ஏற்கெனவே இருந்த கறுப்பினப் பெண்களின் வயிறுதான். நன்றாகப் பிள்ளை பெறுவாள் என்று விளம்பரம் செய்தே பெண்களை விற்றிருக்கிறார்கள். இதை ‘இனப்பெருக்கம்’ என்று எழுதினால் அது பண்ணையாரின் கணக்குப்பிள்ளை எழுதிய சொல்லாகத்தான் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் கதை அப்படியே தலைகீழ். 1961-இல் மிசிசிப்பியில், பின்னாளில் குடியுரிமைப் போராளியாகப் பெயர்பெற்ற ஃபேனி லூ ஹேமர் ஒரு கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் இது எவ்வளவு சாதாரணம் என்றால், ‘மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்’ என்று அதற்குப் பட்டப்பெயரே இருந்தது. 1973-இல் அலபாமாவின் மான்ட்கமரியில் ரெல்ஃப் சகோதரிகள், மின்னி லீக்கு 14 வயது, மேரி ஆலிஸுக்கு 12. ஏற்கெனவே போட்டுவந்த கருத்தடை ஊசிக்குத்தான் கையெழுத்து கேட்கிறார்கள் என்று நினைத்து, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டு சிறுமிகளுக்கும் நிரந்தரக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோதுதான், மத்திய அரசின் பணத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் ஏழைகளுக்கு இப்படிக் கருத்தடை நடந்திருக்கிறது என்று 1974 தீர்ப்பில் நீதிபதி கெசல் பதிவு செய்தார். பெருக்கு என்று சொன்னதும் அடுத்தவன், நிறுத்து என்று சொன்னதும் அடுத்தவன். ‘பெருக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எதிர்க்கும் கருத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது?

> அப்படியானால் ‘தேர்வுரிமை’ என்று போகலாமே? அங்கே ‘சாய்ஸ்’ என்றுதானே பேசுகிறார்கள்?

‘தேர்வு’ என்றால் நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ஈழத்தில் ‘தெரிவு’ என்பார்கள், அது தேவலை. ஆனால் சிக்கல் அது இல்லை. ‘சாய்ஸ்’ என்ற பேச்சு போதாது என்றுதான் இந்தச் சொல்லே பிறந்தது. 1994 ஜூன், சிகாகோ. கிளின்டன் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஒட்டி நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்த 12 கறுப்பினப் பெண்கள், லொரெட்டா ராஸ், டோனி பாண்ட், ‘ஏபிள்’ மேபல் தாமஸ் போன்றவர்கள், தனியே கூடிப் பேசினார்கள். கருக்கலைப்பு உரிமையை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பேசுவது தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பது அவர்கள் முறையீடு. ‘ரீப்ரொடக்டிவ் ரைட்ஸ்’ஸையும் ‘சோஷியல் ஜஸ்டிஸ்’ஸையும் ஒட்டி இந்தப் புதிய தொடரை உண்டாக்கினார்கள். 800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்துடன் வாஷிங்டன் போஸ்ட்டில் முழுப்பக்க விளம்பரமும் கொடுத்தார்கள்.

சட்டத்தில் உரிமை இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. 1973-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றது. மூன்றே ஆண்டில், 1976-இல், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்று ஹைட் திருத்தம் வந்தது. காசுள்ளவளுக்கு உரிமை, காசில்லாதவளுக்கு வெறும் தாள். 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அந்தத் தாளையும் கிழித்துவிட்டது, அது தனிக்கதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சோஷியல் ஜஸ்டிஸ்’ என்றதும் நமக்கு ‘சமூகநீதி’ வந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம். ஆகவே ‘நீதி’ என்ற பாதியைப் பற்றி நாம் கவலைப்படவே வேண்டாம், ‘நியாயம்’ என்று மாற்றலாம் என்ற யோசனையை விட்டுவிடலாம். முதல் பாதிதான் பிரச்சினை.

> ‘கருநீதி’. சின்னச் சொல், வாயில் நிற்கும், ‘கரு’ கருமையையும் குறிக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நயம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ‘கருநீதி’ என்று கேட்கிறவர் காதில் ‘கருவுக்கு நீதி’ என்றுதான் விழும். அது நேர் எதிரணியின் முழக்கம். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், ஆய்வகத்தில் உறைநிலையில் வைத்திருக்கும் கருவும் சட்டப்படி குழந்தைதான் என்று சொன்னது; மாநிலத்தில் பல மருத்துவமனைகள் செயற்கைக் கருத்தரிப்பையே சில காலம் நிறுத்திவைத்தன. அந்தத் தீர்ப்பைப் பாராட்டி யாராவது தமிழில் கட்டுரை எழுதினால் ‘கருநீதி’யைத் தலைப்பாக வைப்பார். வேண்டாம்.

> ‘மகப்பேற்று நீதி’ அல்லது ‘தாய்மை நீதி’? அரசுத் திட்டங்களிலேயே மகப்பேறு உதவி என்று இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

‘தாய்மை நீதி’யை முதலில் தள்ளிவிடலாம், தாயாக விரும்பாதவரை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ‘மகப்பேறு’ நல்ல சொல், ஆனால் இன்றைய வழக்கில் அது பிரசவ வார்டோடு முடிந்துவிடுகிறது. பிரசவம் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. 2023 கணக்குப்படி அமெரிக்காவில் 1 லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறக்கிறார்கள், கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாட்டில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆனாலும் இந்தக் கருத்துக்கு மூன்று கால். பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இருக்கும் உரிமை, பெற்றுக்கொள்ளும் உரிமை, பெற்றதைப் பயமில்லாத சூழலில் வளர்க்கும் உரிமை. மூன்றாவதைத்தான் இந்த இழையில் பலர் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். இளைய தலைமுறை உள்ளே வந்ததே அந்த வழியாகத்தான்.

ட்ரேவான் மார்ட்டின், 17 வயதுக் கறுப்பினப் பையன், 2012-இல் ஃபுளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். 2013 ஜூலையில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் நூறு கறுப்பின இளையோர் சிகாகோ பக்கம் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். சுட்டவர் குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பு அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே வந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் பிஒய்பி100 (பிளாக் யூத் ப்ராஜெக்ட் 100) என்ற அமைப்பு, 18 முதல் 35 வயதுக்காரர்களுக்கு. தங்கள் அரசியல் கறுப்பினக் குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரையும் சேர்த்த) பெண்ணிய நோக்கில் இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

இதே அமைப்பின் நியூயார்க் கிளைப் பெண்கள் 2017 ஆகஸ்டில் எங்கே போய் நின்றார்கள் தெரியுமா? சென்ட்ரல் பார்க் ஓரத்தில், 103-ஆம் தெருவுக்கு எதிரே இருந்த ஒரு மருத்துவரின் சிலைக்கு முன்னால். ஜே. மேரியன் சிம்ஸ், ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று பெயர் வாங்கியவர். 1840-களில் மான்ட்கமரியில், பிரசவம் சிக்கலாகி உடல் சிதைந்துபோன அடிமைப் பெண்களை வைத்துத்தான் அவர் அறுவைச் சிகிச்சை பழகினார், மயக்க மருந்தில்லாமல். பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர், அனார்கா, பெட்சி, லூசி. அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை. சிலைக்கு முன்னால் நின்ற இளம்பெண்கள் மருத்துவமனை கவுன் உடுத்தியிருந்தார்கள், கவுன் இடுப்புக்குக் கீழே சிவப்புச் சாயத்தில் நனைந்திருந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம், 2018 ஏப்ரலில் நகர நிர்வாகம் சிலையைக் கழற்றியது.

தெருவில் சுடப்பட்ட பையனுக்காகக் கூடியவர்கள் மகளிர் மருத்துவர் சிலைக்கு முன்னால் ஏன் போகிறார்கள்? அவர்களுக்கு இரண்டும் ஒரே வழக்கு. பெற்றவள் பிள்ளையை உயிரோடு வளர்த்து ஆளாக்க முடியாத ஊரில் பிரசவ வார்டு மட்டும் நன்றாக இருந்து என்ன? ஆகவே ‘மகப்பேறு’ போதாது. வளர்ப்பும் உள்ளே வரும் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: மக்கட்பேற்று நீதி.

குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. எடுத்துப் பாருங்கள், பத்துக் குறளில் பிரசவ நேரம் எட்டிப் பார்ப்பது ‘ஈன்ற பொழுது’ என்ற ஒரே இடத்தில். மற்றபடி பிள்ளை கையால் அளைந்த கூழ், மழலை, மேலே வந்து விழும் உடம்பின் சுகம், அவையில் முந்தியிருக்கச் செய்யும் கடமை. அதாவது இந்தச் சொல்லுக்குள் வளர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, நாம் திணிக்க வேண்டியதில்லை. அப்புறம், ‘மக்கள்’ என்றால் பிள்ளைகள், ‘மக்கள்’ என்றால் சனங்கள். தனி ஒருத்தியின் உடல் பற்றிய பேச்சு ஊர் பற்றிய பேச்சாக மாறுவதுதான் சிகாகோவில் நடந்தது, தமிழில் அது ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

வரக்கூடிய எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். பரிமேலழகர் அந்த அதிகாரத்துக்கே ‘புதல்வரைப் பெறுதல்’ என்று பெயர் வைத்தார், குறளிலும் ‘மகன்’ என்றுதான் பல இடத்தில் வருகிறது. உண்மைதான், அதனால்தான் புதல்வரை விட்டுவிட்டு மக்களை எடுக்கிறேன். ‘பேறு’ என்றால் பாக்கியம் என்றும் பொருள், பிள்ளை இல்லாதவரைக் குத்துமே என்று அக்கா ஒருவர் தனிமடலில் கேட்டார். இது கனமான கேள்வி. பெறாமல் இருக்கும் உரிமையை ‘மக்கட்பேறு’ சொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பெருக்கம்’ அதை மறுக்கிறது, ‘மக்கட்பேறு’ பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லும் அதைப் பேசவில்லை, ‘ஜஸ்டிஸ்’தான் அதைச் சுமக்கிறது. தவிர, பெறாமல் இருக்கும் உரிமையைப் பேசத் தமிழுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து என்று மற்றவர்கள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் அன்றைக்கே எழுதிவிட்டார். இந்த மூன்று கால்களில் நமக்குப் பழக்கமில்லாதது பெற்றுக்கொள்ளும் உரிமைதான். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அரசே கருத்தடையைத் திணிக்கும் என்பது உடனே உறைக்காது. அந்த விதத்திலும் ‘பேறு’ இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

சொற்புணர்ச்சி பற்றிக் கேட்டவருக்கு: சோறு, சோற்றுப்பானை, ஆறு, ஆற்றுமணல், பேறு, பேற்று நீதி. ‘மக்கட்பேறு நீதி’ என்று எழுதினால் கண்ணை உறுத்தும். பேச்சில் ‘பிள்ளைப்பேற்று நீதி’ என்று யாராவது சொன்னால் சண்டை போட மாட்டேன், இணைச்சொல்லாகப் போட்டுவைக்கலாம்.

இதே இழையில் வந்த மற்ற இரண்டு சொற்கள் பற்றிச் சுருக்கமாக. ‘பிளாக் ஃபெமினிசம்’ – ‘கறுப்புப் பெண்ணியம்’ போதும், ‘தலித் பெண்ணியம்’ என்று சொல்கிறோம் இல்லையா, அதே அமைப்பு. ‘கறுப்பின மகளிர் நலவியக்கம்’ எல்லாம் அரசாணை வாடை. வல்லின று-வா இடையின ரு-வா என்ற சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘யூத் ஆக்டிவிசம்’ – ‘இளைஞர் செயல்பாடு’ என்றால் நம் காதில் ஆண்பிள்ளைகள் மட்டுமே வருகிறார்கள், கட்சிகளில் இளைஞரணி தனி, மகளிரணி தனி. ஈழத்து வழக்கில் உள்ள ‘இளையோர்’ எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். இளையோர் செயற்பாடு என்று வைப்போம்.

அகராதிப் பக்கத்துக்கு வரைவு:

மக்கட்பேற்று நீதி (பெ.): பிள்ளை பெறாமலிருக்கவும், பெற்றுக்கொள்ளவும், பெற்ற பிள்ளைகளைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கவும் ஒருவருக்குள்ள உரிமையையும், அவ்வுரிமை கைகூடத் தேவையான சமூக நிலைமைகளையும் ஒன்றாகக் கோரும் கருத்து, 1994-இல் சிகாகோவில் கறுப்பினப் பெண்கள் உருவாக்கியது. இணைச்சொல்: பிள்ளைப்பேற்று நீதி.

மருத்துவக் கட்டுரைகளில் உள்ள ‘இனப்பெருக்க மண்டலம்’, ‘இனப்பெருக்க உறுப்பு’ எதிலும் கைவைக்க வேண்டாம், அவை அப்படியே இருக்கட்டும். ‘கருக்கலைப்பு உரிமை’யும் தனிச் சொல்லாகவே நிற்கட்டும், அதற்கு மாற்றாக இதைப் போட்டு மழுப்ப வேண்டாம். மறுப்பு உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.