புதுப்பிப்பு: சொரியாசிஸ் ஆறிய இடத்தில் பழுப்புப் புள்ளிகள்

சொரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோய்க்கு ஊசி ஆரம்பித்தபின், என் 15 வயது மகனின் முழங்கையில் சொரியாசிஸ் திட்டு ஆறிய இடத்தில் கடுகு சிந்தியது போலப் புள்ளிகள், புற்றுநோயாக இருக்குமோ என்று முன்பு கேட்டிருந்தேன். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இல்லை, லென்டிகோ என்ற தீங்கில்லாத பழுப்புப் புள்ளிதான் என்றார். அப்பாடா!

அழற்சியின்போது டிஎன்எஃப், ஐஎல்-17 என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இரண்டும் சேர்ந்து நிறமிச் செல்களைப் பெருகவிட்டு, நிறம் உண்டாக்குவதை மட்டும் தடுக்குமாம். ஊசி அழற்சியை அடக்கி அந்தத் தடையை நீக்கியதும், பெருகிய செல்கள் மொத்தமாக நிறத்தைக் கொட்டுகின்றன. புள்ளிகள் பழைய திட்டின் எல்லைக்குள்ளேயே நிற்பது அதனால்தான்.

மருந்து தொடர்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறோம்; ஏதாவது ஒரு புள்ளி வளர்ந்தாலோ, ஓரம் கோணினாலோ உடனே போக வேண்டும். தைரியம் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பையன் இன்று அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.