தென்னாப்பிரிக்காவின் காரூவில் ஷேல் எரிவாயு: கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்?

டர்பன் அம்மா:
என் மகள் காரூவில், பியூஃபோர்ட் வெஸ்ட் ஊர்ப் பக்கம் ஆசிரியை. வீட்டுக்குப் பின்னால் ஒரு காற்றாலைப் பம்பு. கிரீச் கிரீச்சென்று சுற்றி, சிமெண்ட் தொட்டியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் விடும். குடிக்க, ஆட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். மறுபடியும் ஃபிராக்கிங், அதாவது நிலத்தடி ஷேல் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் பேச்சு வருகிறதாம். மனசு பதறுகிறது.

சாட்ஸ்வொர்த் மாமா:
பயம் நியாயம்தான் அம்மா. பாறையைப் பிளக்க ஒரு எரிவாயுக் கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டரோ அதற்கும் மேலோ தண்ணீரை மணலும் ரசாயனமும் கலந்து இறக்குவார்கள். வறண்ட காரூவில் அதற்கு எங்கே போவது? அங்கே நிலத்தடியில் சுவர்போல நிற்கும் டாலரைட் என்ற கரும்பாறையை ஒட்டித்தான் நல்ல நீர் ஊறுகிறது. அடியிலுள்ள உப்புநீரும் வாயுவும் அதே வழியில் மேலே வரலாம் என்பதுதான் என் கவலை.

பீனிக்ஸ் தம்பி:
2011-இல் அரசே ஃபிராக்கிங்கை நிறுத்தி வைத்தது, 2012-இல் தடையை நீக்கியது. 2015-இல் ஃபிராக்கிங்குக்காகப் போட்ட விதிமுறைகளை 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. சுற்றுச்சூழல் விதி போட கனிமவள அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று. விவசாயிகள் போராடி வாங்கிய தீர்ப்பு. அக்கா, தொட்டித் தண்ணீரை இப்போதே பரிசோதித்து அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கெட்டால் முன்பு நன்றாக இருந்தது என்று காட்ட வேண்டுமே.

டர்பன் அம்மா:
சரி தம்பி, இன்றிரவே சொல்கிறேன்.