மறு: சுதி ஊசல், சுதி நடுக்கம் – இசைத்தட்டுச் சுழலிக் கட்டுரைக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

லின் சோண்டெக் எல்பி12, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி, ரேகா பிளானர் 8 என்ற மூன்று இசைத்தட்டுச் சுழலிகளையும் (டர்ன்டேபிள்) ஒப்பிட்டு எழுதும் நண்பர் கேட்டது, சுழலும் வேகம் சீராக இல்லாததால் சுருதி ஆடும் 'வாவ் அண்ட் ஃப்ளட்டர்' என்ற குறைக்குத் தமிழ். இழை நீண்டு, டர்ன்டேபிளையே எப்படி அழைப்பது என்ற இடத்துக்குப் போய்விட்டது. அதற்கும் வருகிறேன். முதலில் அவர் கேட்டதைப் பார்ப்போம்.

> 'வேக ஏற்ற இறக்கம்' என்று ஒரே சொல்லாக வைத்தால் போதாதா? இரண்டும் வேகம் மாறுவதுதானே.

போதாது, ஐயா. வேகம் மெதுவாகக் கூடிக் குறைந்தால் சுருதி மேலே போவதும் கீழே வருவதும் தனித்தனியாகக் காதில் விழும். அதே மாற்றம் நொடிக்கு இருபது முப்பது முறை நடந்தால் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. குரல் கரகரக்கும், பியானோவின் நீண்ட சுரம் கலங்கலாகக் கேட்கும். நொடிக்கு ஏறத்தாழ 6 முறைக்குக் கீழே நடப்பது வாவ், அதற்கு மேலே ஃப்ளட்டர் என்று பொறியாளர்கள் பிரித்தது இதனால்தான். இரண்டுக்கும் காரணம் வேறு, சரிசெய்யும் வழி வேறு, அதற்கு ஆகும் செலவும் வேறு. சுழலியைத் தரம் உயர்த்தப் பணம் எடுத்து வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவு மிக அவசியம். ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிட்டால், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

> ஃப்ளட்டருக்குக் 'கம்பிதம்' என்ற அருமையான இசைச்சொல் இருக்கிறதே.

அருமையான சொல்தான். அதனால்தான் இங்கே வேண்டாம் என்கிறேன். கம்பிதம் கமகத்தில் ஒரு வகை. தோடியின் காந்தாரத்தைப் பாடகர் வேண்டுமென்றே அசைத்துப் பாடுகிறார். அசைக்காவிட்டால் அது தோடியே இல்லை. மோட்டார் செய்யும் பிழைக்குப் பாடகர் செய்யும் அழகின் பெயரை வைத்தால், 'இந்தத் தட்டில் கம்பிதம் அதிகம்' என்ற வாக்கியம் பாராட்டா புகாரா என்று புரியாது. 'அசைவு' என்ற சொல்லையும் இதே காரணத்துக்காகத் தள்ளுகிறேன்.

கேசட் காலத்தில் எல்லோரும் சொன்ன 'இழுக்குது' என்பதிலிருந்து 'இழுவை' என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் இதே துறையில் 'இழுவை' இன்னொன்றுக்குத் தேவைப்படுகிறது. சத்தம் மிகுந்த இடத்தில் பள்ளத்தின் வளைவுகள் பெரிதாகி, ஊசியின் உராய்வு கூடி, தட்டின் வேகத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அதற்கு 'ஊசி இழுவை' என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க முடியாது. பள்ளி இயற்பியலிலும் இழுவை என்றால் ஒரு விசை.

என் முன்மொழிவு இது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் 'சுதிப் பிசகு'. வாவ் 'சுதி ஊசல்'. ஃப்ளட்டர் 'சுதி நடுக்கம்'.

சுருதிக்குப் பதில் 'அலகு' போடலாம் என்று தனித்தமிழ் நண்பர் சொன்னார். இசைத்தமிழ் ஆய்வில் அது சரியான சொல். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அலகு என்றால் மீட்டரும் கிலோகிராமும்தான். 'சுதி' நாகசுரக்காரரும் கச்சேரிக்குப் போகாதவரும் ஒரே மாதிரி சொல்லும் சொல், ஒட்டுச்சொல் ஆக்கவும் சின்னது. 'சுதி பிசகிவிட்டது' என்று யாரும் கற்பிக்காமலே சொல்கிறோம். ஊசல் பாடப்புத்தகத்தில் தனி ஊசலாக ஏற்கெனவே இருக்கிறது. மெதுவாகப் போய்வருவது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஊசியும் ஊசலும் ஒரே வரியில் வந்தால் குழப்பம் என்ற மறுப்பை யோசித்துப் பார்த்தேன். 'சுதி' முன்னால் ஒட்டியிருக்கும்வரை குழப்பம் வராது.

இனி, இந்தப் பிரிவு பணத்தோடு எப்படிச் சேர்கிறது என்று ஒரு கணக்கு. எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. தட்டின் நடுத்துளை சரியான மையத்திலிருந்து 0.2 மி.மீ. விலகியிருக்கிறது என்று வையுங்கள். ஊசி மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி ஓடும்போது வேகம் இருபுறமும் 0.2% மாறும். சுருதியில் இது ஏறத்தாழ மூன்றரை சென்ட்; பக்கத்துச் சுரத்தானத்துக்கு 100 சென்ட் தூரம். விலகல் ஒரு மி.மீ. ஆகி, ஊசி 60 மி.மீ. ஆரத்தில் உள்பக்கமாக ஓடினால் 1.7% வரும், கிட்டத்தட்ட 29 சென்ட். காது பழகாதவரும் முகம் சுளிப்பார்.

எஸ்எல்-1200ஜியின் சுதிப் பிசகுக்கு டெக்னிக்ஸ் கொடுக்கும் எண் 0.025%. மிக நல்ல எண். ஆனால் துளை 0.2 மி.மீ. விலகிய தட்டை அதில் வைத்தால் காதுக்கு வந்து சேருவது, இயந்திரத்தின் பிழையைவிடப் பல மடங்கு பெரிய தட்டின் பிழை. சுழலியை எவ்வளவு உயர்த்தினாலும் அது மாறாது. இதற்கு மருந்து கண்டுபிடித்தது ஜப்பானிய நிறுவனமான நாகமிச்சி: அவர்களின் டிஎக்ஸ்-1000 என்ற சுழலி தட்டின் உண்மையான மையத்தைத் தானே அளந்து தட்டை நகர்த்திக்கொண்டது. அதனால் கட்டுரையில் 'தட்டு ஊசல்', 'சுழலி ஊசல்' என்று இரண்டாகவே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எது எது என்று கண்டுபிடிக்க நம் கையில் நல்ல கருவி இருக்கிறது: கர்நாடகக் கச்சேரித் தட்டின் தம்புரா. என்னிடம் உள்ள ஒரு வாய்ப்பாட்டுத் தட்டில் ஆலாபனைக்கு நடுவே பாடகர் நிறுத்தும் இடங்களில் தம்புரா மட்டும் நிற்கும். பஞ்சமம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறும். அப்போது ஊசிக்கையைப் பக்கவாட்டில் பார்த்தால், அதன் தலை அதே தாளத்தில் உள்ளே வெளியே போய்வருவது கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் அது தட்டு ஊசல். வேறு தட்டு போட்டால் போய்விடும். கை அசையாமல் நிற்கிறது, சுருதி மட்டும் ஆடுகிறது, எந்தத் தட்டிலும் ஆடுகிறது என்றால் சுழலியைச் சந்தேகப்படலாம்.

வார் இயக்கச் சுழலியில் இன்னும் நுணுக்கமாகவும் கேட்கலாம். மோட்டாரின் சுழற்சியைக் கொண்டுசெல்லும் வார், சுழல்தட்டின் (இசைத்தட்டு உட்காரும் வட்டின்) உள்வட்டத்தையும் மோட்டாரின் சிறு கப்பியையும் சேர்த்துச் சுற்றுவதால் உள்வட்டத்தைவிட நீளமானது. வாரில் ஓரிடம் தடித்துப்போனால் அந்த இடம் சுற்றிவர 1.8 நொடிக்கு மேல் ஆகும். ஆட்டம் தட்டின் சுற்றோடு ஒத்துப்போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினால் புது வார் வாங்குங்கள். செலவு மிகக் குறைவு. கப்பி கோணலாக இருந்தால் கதை வேறு. இவ்வகைச் சுழலிகளில் வழக்கமான மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 250 சுற்று ஓடும். நொடிக்கு நான்கு சொச்சம். மனிதக் காது சுதிப் பிசகை மிகக் கூர்மையாக உணரும் இடமும் நொடிக்கு நான்கு முறையை ஒட்டித்தான் இருக்கிறது.

> நேரியக்கம்தான் சிறந்தது என்று எழுதிவிடலாமா?

வாரில்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றுவதுதான் நேரியக்கம். ஆனால் அப்படி எழுதவேண்டாம். டெக்னிக்ஸ் 1970இல் எஸ்பி-10ஐக் கொண்டுவந்து மோட்டாரின் அச்சிலேயே தட்டை வைத்தது. 1972இல் எஸ்எல்-1200, 1979இல் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு எம்கே2. வாரும் கப்பியும் இல்லாததால் அவை தரும் ஊசல் இல்லை. ஆனால் மோட்டாரின் துருவங்கள் ஒவ்வொன்றாகத் தட்டை இழுத்து விடும் ஒரு தடக்கல் இருந்தது. இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டாரோடு 2016இல் வந்த ஜி வரிசை அந்தத் தடக்கலைத்தான் குறிவைத்தது. லின் வேறு வழியில் போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபென்பிரன் கொண்டுவந்த எல்பி12, மூன்று சுருள்வில்கள் மேல் நிற்கும் சட்டத்தில் சுழல்தட்டையும் கையையும் ஒன்றாக ஏற்றியது. அந்த மூன்று வில் யோசனை, எட்கர் வில்ச்சர் 1961இல் அக்கௌஸ்டிக் ரிசர்ச்சுக்காகச் செய்த சுழலியிலேயே இருந்தது. ரேகா இந்த வில்லே வேண்டாம் என்றது. எடை குறைந்த, விறைப்பான உடல் போதும் என்பது அவர்கள் கொள்கை. பிளானர் 8இன் உடலுக்குள் இருப்பது பாலியூரித்தேன் நுரை.

எல்பி12இல் எனக்கு மிகவும் பிடித்தது, பழையதை எறியாமல் உறுப்பு உறுப்பாக உயர்த்தலாம் என்பது. 1982இல் வல்ஹல்லா என்ற மின்வழங்கி வந்தது. மோட்டார் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடாமல், குவார்ட்ஸ் படிகம் தரும் சீரான அதிர்வெண்ணைப் பின்பற்றியது. பிறகு 1990இல் லிங்கோ, 2009இல் புது மோட்டாரோடு ரேடிகல். 2020இல் வந்த கரௌசல் தாங்கியை எழுபதுகளில் வாங்கிய சுழலியிலும் பொருத்தலாம். நண்பரின் கட்டுரையில் ஒவ்வொரு உயர்த்தலுக்கும் நேரே 'ஊசலைக் குறைப்பது', 'நடுக்கத்தைக் குறைப்பது', 'உறுமலைக் குறைப்பது' என்று குறித்தாலே வாசகருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உறுமல் என்று நான் சொல்வது ரம்பிளை, அதாவது சுழலியின் இயந்திர அதிர்வு ஊசி வழியாக இசையில் கலக்கும் தாழ்ந்த இரைச்சலை. கேரர்ட் 301 போன்ற, மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே உருளை வைத்த இடையுருளை இயக்கச் சுழலி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

நடுக்கம் முழுக்க மோட்டாரிலிருந்துதான் வருகிறது என்றும் நினைக்கவேண்டாம். ஊசிக்கையின் பயனுறு நிறையும் (ஊசி அசையும்போது அதற்குத் தெரியும் கையின் நிறை) ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. நெளிந்த தட்டு இந்த அதிர்வைத் தட்டி எழுப்பினால் ஊசி பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடும், குரல் நடுங்கும். டெனான் டிஎல்-103 போல நெகிழ்வு குறைந்த ஊசியை மிக இலேசான கையில் போட்டுவிட்டு மோட்டாரைக் குறைசொல்வதில் பயனில்லை. 'கம்ப்ளையன்ஸ்' என்பதற்கு 'இணக்கம்' என்று முந்தைய மடலில் வந்திருந்தது. அது சட்டத்துக்கு இணங்குவது. இங்கே 'நெகிழ்வு' போதும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒத்ததிர்வுக்குத் தங்கள் பாடநூலில் 'பரிவு' என்று இருப்பதைச் சொன்னார். எவ்வளவு அழகான சொல்! தமிழ்நாட்டு வாசகருக்காக ஒருமுறை 'ஒத்ததிர்வு' என்று விளக்கிவிட்டு, அப்புறம் கட்டுரை முழுக்கப் பரிவு என்றே எழுதலாம் என்பது என் விருப்பம்.

மற்ற சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. முழுக் கருவி 'இசைத்தட்டுச் சுழலி', சுருக்கமாகச் சுழலி. 'சுழல்மேசை' வேண்டாம், அது ஓட்டலில் நடுவே திருப்பிவிடும் மேசை. தட்டு உட்காரும் கனமான வட்டு 'சுழல்தட்டு'. டோன்ஆர்ம் 'ஊசிக்கை', 'தொனிக்கரம்' யார் வாயிலும் வராது. பழைய ஆட்கள் ஊசியை 'முள்' என்பார்கள், அதுவும் இருக்கட்டும். கார்ட்ரிட்ஜ் வகைகளுக்குப் பள்ளியில் படித்த இயங்குசுருள் கால்வனாமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: 'இயங்குசுருள்', 'இயங்குகாந்தம்'. கார்ட்ரிட்ஜுக்கே 'ஊசிக்கூடு' என்று வந்தது. அதிர்வை மின்சாரமாக மாற்றும் வேலை அதில் தெரியவில்லை என்ற குறை இருந்தாலும், வேறு நல்லது வரும்வரை அதையே வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணை பற்றி ஒன்று. 0.025% என்ற எண்ணுக்கு மேலே 'சுதி நடுக்கம்' என்று போடாதீர்கள், அது ஊசலையும் நடுக்கத்தையும் சேர்த்த எண். அதோடு, காதின் கூர்மைக்கேற்பக் கூட்டிக் குறைத்து எடுத்தது: நான்கு ஹெர்ட்ஸை ஒட்டிய பிசகை முழுதாக எண்ணி, 1.8 நொடிக்கு ஒருமுறை வரும் மெது ஊசலைக் கணிசமாகக் குறைத்து எண்ணும். 'செவிநிறையிட்ட சுதிப் பிசகு' என்று எழுதினால் சரியாக இருக்கும். அளந்தது 3150 ஹெர்ட்ஸ் சோதனைத் தட்டிலா, மோட்டாரின் அச்சிலேயா என்பதையும் பக்கத்தில் போடுங்கள். இரண்டு முறைகளின் எண்களை ஒரே பத்தியில் வைத்து ஒப்பிடக்கூடாது.

மிச்சம் இருப்பது அந்தத் துருவத் தடக்கல், 'காகிங்'. 'பற்தடக்கல்', 'துருவத் தடக்கல்', 'இழுவிடல்' மூன்றும் இழையில் வந்துள்ளன. நான் இரண்டாவதன் பக்கம். மின்மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்பவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். அச்சைக் கையால் திருப்பும்போது விரலுக்குத் தெரியும் அந்தத் தடையை உங்கள் இடத்தில் என்னவென்று சொல்கிறீர்கள்?

அன்புடன்.